தம்பியின் நாட்குறிப்பு

1905-ஆம் ஆண்டு, கேரளத்தோடு தொடர்புடைய இரண்டு ஓவியர்கள் இறந்தார்கள். ஜனவரியில் கிளிமானூர் சி. ராஜராஜ வர்மா காலமானார், வயது 44. நவம்பரில், கொச்சி சாந்தா குரூஸ் பேராலயத்தின் ஓவிய வேலையில் ஈடுபட்டிருந்த இத்தாலியர் அந்தோனியோ மொஸ்கேனி காலமானார், வயது 51. பெர்கமோ நகரில் ஓவியம் பயின்று, இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்து, கடல் கடந்து வந்தவர் மொஸ்கேனி. இத்தாலியக் கலை வரலாற்று நூல்களில் அவருக்குப் பெரிய இடம் இல்லை. ஆனால் மங்களூரு புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்துக்குள் போகிறவர்கள் அவர் பெயரைக் கேட்காமல் வெளியே வருவதில்லை. சுவரும் கூரையும் நிறைய அவர் வரைந்த படங்கள். 1990களில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அவற்றைச் சீர்செய்தபோது அந்தப் பெயர் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

கிளிமானூர்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பிறந்த மண்ணிலேயே, அவர் குடும்பத்துப் படங்கள் தொங்கும் திருவனந்தபுரத்திலேயே, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் அவரைத் தனி ஓவியராக எண்ணியவர்கள் மிகச் சிலர். ராஜா ரவி வர்மாவின் தம்பி, அண்ணனுக்கு ஒத்தாசையாக இருந்தவர் என்ற ஒரு வரியோடு புத்தகங்கள் அவரைக் கடந்து போயின. மொஸ்கேனியின் மங்களூரு வேலை ஒரே கட்டடத்தில், ஒரே கையின் வேலையாக நின்றது. கட்டடம் நிற்கும்வரை பெயரும் நிற்கும். ராஜராஜ வர்மாவின் வேலையில் பெரும்பகுதியோ வேறொருவர் பெயர் தாங்கிய திரைச்சீலைகளுக்குள் கலந்துவிட்டது. அவர் திரும்பக் கிடைத்தது ஓவியங்களால் அல்ல. தாம் எழுதிவைத்த நாட்குறிப்பால்.

கிளிமானூர் திருவனந்தபுரத்துக்கு வடக்கே சாலை வழியாக ஒரு மணி நேரப் பயணத்தொலைவு. அங்கிருந்த கோயில் தம்புரான் குடும்பத்தில் 1848-இல் ரவி வர்மா பிறந்தார். தாய் உமாம்பா தம்புராட்டி ‘பார்வதி சுயம்வரம்’ என்ற துள்ளல் பாட்டு எழுதிய கவி. தந்தை சம்ஸ்கிருதமும் ஆயுர்வேதமும் கற்ற பட்டதிரிப்பாடு. தம்பி கோதவர்மா இசையில் ஈடுபட்டார். கடைக்குட்டித் தம்பி ராஜராஜ வர்மா 1860-இல் பிறந்தார். தங்கை மங்களா பாயி பின்னாளில் ஓவியரானார். தாய்மாமன் ஒருவர் தஞ்சாவூர் பாணியில் வரைபவர். மருமகனுக்கு முதல் பாடம் சொல்லித் தந்தவரும் அவரே. அவர் பெயரும் ராஜராஜ வர்மா. அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் ‘கேரள பாணினி’ என்று புகழ்பெற்ற இலக்கண ஆசிரியர் ஏ.ஆர். ராஜராஜ வர்மாவும் வாழ்ந்தார். மூன்று பேருக்கும் ஒரே பெயர். மறதிக்கு இதுவும் ஒரு காரணம்: முன்னெழுத்தான ‘சி’ விடுபட்டுப்போன இடத்திலெல்லாம் ஓவியர் தொலைந்தார்.

அந்த மாமனுக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று தேடினால் கதை மதுரைப் பக்கம் திரும்புகிறது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரசவையில் (1829–1846) அழகிரி நாயுடு என்ற மதுரை ஓவியர் இருந்தார் என்றும், கிளிமானூர் மாமன் அவரிடம் பயின்றார் என்றும் ரவி வர்மாவின் தொடக்ககால வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. தஞ்சையிலிருந்து அதே அரசவைக்கு வந்த நட்டுவனார் வடிவேலுவின் பெயர் நாட்டிய மேடை இருக்கும்வரை ஒலிக்கும். அழகிரி நாயுடுவின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? இசைக்குப் பாடும் பரம்பரை உண்டு. ஓவியத்துக்கு அப்படி ஒரு பரம்பரை அமையவில்லை.

1862-இல், 14 வயதில், ரவி வர்மா ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைத் தேடித் திருவனந்தபுரம் வந்தார். கோட்டைக்குள் மூடத்து மடம் என்ற இல்லத்தில் தங்கினார். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய இந்தப் பகுதியும், நடந்து போகும் தொலைவில் வராக மூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சூழ்ந்த ஸ்ரீவராகமும் அப்போதே தமிழும் மலையாளமும் கலந்து புழங்கிய தெருக்கள். அரண்மனை ஓவியரும் தமிழ்நாட்டுத் தொடர்புடையவர்தான்: ராமசாமி நாயுடு. எண்ணெய் வண்ணத்தில் வரையும் வித்தை தெரிந்தவர்; அதைப் பையனுக்குச் சொல்லித் தர மனம் இல்லாதவர். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை ஆசிரியருக்குத் தெரியாமல் வந்து தாம் கற்றதைக் கற்பித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1868-இல் மகாராஜாவைப் படம் வரைய வந்த ஐரோப்பியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். 1873-இல் ரவி வர்மாவின் படங்கள் மதராஸிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றன.

தம்பி ராஜராஜ வர்மா வளர்ந்து வந்தது இந்தப் புகழின் வாசலில். அண்ணனுக்குக் கிடைக்காத ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிடைத்தது. அதனால் குடும்பத்தில் அவர் பொறுப்பு கூடிக்கொண்டே போனது. சமஸ்தானங்களோடு கடிதப் போக்குவரத்து, கண்காட்சிகளுக்குப் படம் அனுப்புதல், கூலி பேசுதல், பயண ஏற்பாடு எல்லாம் அவர் கையில் வந்தன. 1881-இல், திருவிதாங்கூரின் முன்னாள் திவானும் அப்போது பரோடாவின் நிர்வாகியுமான டி. மாதவ ராவ் அழைத்ததால் ரவி வர்மா பரோடா போனார். சாயாஜிராவ் மன்னருக்காக 14 புராணப் படங்கள் வரையும் பெரிய வேலை 1880களின் இறுதியில் வந்தது. அந்தப் பணிக்காக வடஇந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோதும் தம்பி உடனிருந்தார். பின்னர் இருவரும் மேற்கொண்ட இன்னொரு பயணத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ டூர் இன் அப்பர் இந்தியா’ 1896-இல் நூலாக வெளிவந்தது. ஓர் இந்திய ஓவியர் தம் கண்ணால் நாட்டைப் பார்த்து, தம் பெயரில் எழுதி வெளியிட்ட பயண நூல் அக்காலத்தில் அரிது. அதை வைத்தே அவரை நினைவில் நிறுத்தியிருக்கலாம்.

1894-இல் பம்பாய் கிர்காவில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. ‘சகுந்தலை ஜனனம்’ முதல் படம். ஜெர்மன் இயந்திரங்கள், ஜெர்மன் வல்லுநர்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கற்பலகையில் கொழுப்பு மையால் படத்தை ஏற்றி, தண்ணீரும் மையும் ஒன்றையொன்று தள்ளும் குணத்தால் அச்சிடுவது அந்த முறை. ஒரு நிறத்துக்கு ஒரு கல். மூலப் படத்தின் மஞ்சள் எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது, தோலின் நிறத்துக்கு எத்தனை கல் வேண்டும் என்று பிரித்து அறிய ஓவியக் கண் தேவை. தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசுவார்கள். இந்த அச்சகத்தின் நிர்வாகத்தைப் பெரும்பாலும் சுமந்தவர் ராஜராஜ வர்மா. கூட்டாளியோடு மனக்கசப்பு, பம்பாயில் பிளேக், கடன் என்று தொல்லைகள் தொடர்ந்தன. அச்சகம் லோனாவலா அருகே மலவ்லிக்கு இடம் மாறியது. 1900களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் அதை விலைக்கு வாங்கினார்.

ஓவியராக ராஜராஜ வர்மா தேர்ந்துகொண்ட துறை நிலக்காட்சி. இதன் புதுமையை இன்றைக்கு உணர்வது கொஞ்சம் கடினம். தஞ்சாவூர் பாணியில் கடவுள் நிற்பது மண்ணில் அல்ல. திரைச்சீலை, மண்டபம், பொன் தகடு, கல் பதித்த வளைவு இவற்றுக்கு நடுவே. அங்கே தொலைவு என்பதே கிடையாது. மலை, ஆறு, அந்தி, காற்று ஆகியவற்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர்கள் பெரும்பாலும் டேனியல் போன்ற ஆங்கிலப் பயண ஓவியர்கள். ராஜராஜ வர்மா இயற்கையை நேரில் பார்த்து வரைந்தார். நீரின் மேல் விழும் வெளிச்சமும் மாலை வானமும் அவருக்குத் தனிப் பொருள்களாயின. அண்ணனுக்கோ முகமும் உடையும் நகையும்தான் உயிர். ரவி வர்மாவின் பல படங்களில் பின்னணியைத் தம்பி தீட்டினார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் படத்தில் எவ்வளவு என்பதில்தான் கேள்வி.

திருவனந்தபுரத்தில் இருக்கும் 1898-ஆம் ஆண்டின் ‘சகுந்தலை’யை எடுத்துக்கொள்ளலாம். காலில் முள் குத்தியதுபோல் பாசாங்கு செய்து, தோழியின் தோளில் கை வைத்துத் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணை அவள் முகம் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அவள் பார்வை போகும் தூரத்தை உண்டாக்குவது காடு. மரங்களுக்கு இடையிலான இடைவெளியும் இருண்ட பச்சையும் இல்லாவிட்டால் அவள் யாரைத் தேடுகிறாள் என்ற ஏக்கமே எழாது. அரங்கத்தில் நிற்கும் நடிகையாகிவிடுவாள். இந்தக் காட்டில் யார் தூரிகை எங்கே ஓடியது என்று வெறுங்கண்ணால் சொல்வது துணிச்சல். ஆனாலும் கேள்வியைக் கேட்டுவிட்ட பிறகு அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியாது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி தாமரைத் தடாகத்தில் நின்றாள். சரஸ்வதி நீர்க்கரைப் பாறையில் வீணையோடு உட்கார்ந்தாள். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களுக்குச் சரிகையும் மணியும் ஒட்டி, சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்ற நாட்காட்டி ஓவியர்கள் கைக்குச் சாமியை நிலக்காட்சி நடுவே வரையும் பழக்கம் வந்து, சிவகாசி அச்சகங்கள் வழியே ஊரெங்கும் பரவியது. சாமிக்குப் பின்னால் மலையும் நீரும் வானமும் இருக்க வேண்டும் என்று நம் கண் பழகிப்போனதில் கிளிமானூர்த் தம்பிக்கும் ஒரு பங்கைக் கணக்கு வைப்பது நியாயம்.

இவ்வளவு செய்தவர் எப்படி மறைந்தார்?

முதல் காரணம் வியாபாரம். கடைக்குப் போனவர் கேட்டது ‘ரவி வர்மா படம்’. பெயரே முத்திரையானபோது இன்னொரு பெயருக்கு இடமில்லை. இரண்டாவது காரணம் மரணம். மைசூர் மன்னருக்காக ஒன்பது புராணப் படங்கள் வரையும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் தம்பி இறந்தார். ஏற்கெனவே நீரிழிவால் தளர்ந்திருந்த அண்ணன் அவற்றை முடித்துக் கொடுத்துவிட்டு, 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் கண் மூடினார். தம்பியைப் பற்றிப் பேச மிக உரிமையுள்ளவர் இருபத்தொரு மாதங்களில் போய்விட்டார். அண்ணன் தம்பியின் உழைப்பைத் திருடிக்கொண்டார் என்று இன்று சிலர் வேகமாகச் சொல்லிவிடுவது சரியல்ல. பட்டறையில் ஒரு வேலையைப் பலர் செய்வதும், மூத்தவர் பெயரில் அது வெளியே போவதும் அவர்கள் வளர்ந்த தொழில்முறை. இருவரும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்களும் உண்டு.

மூன்றாவது காரணம் விமர்சனம். ஹேவல், ஆனந்த குமாரசாமி, சகோதரி நிவேதிதா ஆகியோர் ரவி வர்மாவின் பாணியை இந்தியத்தன்மை அற்றது என்று கடுமையாகத் தள்ளினார்கள். அபனீந்திரநாத் தாகூரின் வங்கப் பாணி உயர்ந்தது. அடி வாங்க ஒரு பெயர் போதும். அண்ணன் ஏச்சுக்காவது நினைக்கப்பட்டார். தம்பிக்கு அதுவும் இல்லை. 1935-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தைத் திறந்தபோது அதை உருவாக்கிய ஜேம்ஸ் கசின்ஸ் வங்கப் பாணியின் ஆதரவாளர். ஆயினும் ரவி வர்மாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. திறந்துவைத்த மகாராஜா, ரவி வர்மாவின் பேத்தி சேது பார்வதி பாயியின் மகன் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். சட்டமும் அண்ணனையே அறிந்திருந்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்ட ஓவியர்களின் பட்டியலில் ரவி வர்மா உண்டு, தம்பி இல்லை. நூறாண்டு கடந்த பொருள் என்ற பொது விதியே அவர் படங்களுக்குக் காவல். 1972-இல் மலவ்லி அச்சகம் தீப்பிடித்து எரிந்ததில் அவர் ஆண்டுக்கணக்கில் கட்டிக் காத்த தொழிலின் தடயங்களும் பெருமளவு போயின.

மீட்சி மெதுவாக வந்தது, அதுவும் அண்ணனைத் தேடிய வழியில். இ.எம்.ஜே. வெண்ணியூரின் ரவி வர்மா நூலைக் கேரள அரசு 1981-இல் வெளியிட்டது. 1993-இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதை அமைத்தவர்கள் இருவர்: ஆற்றிங்கலில் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஓவியர் ஏ. ராமச்சந்திரன், ஓவியங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் தொழில் கற்ற ரூபிகா சாவ்லா. வங்கப் பாணியின் தாய்வீட்டில் வளர்ந்த ஒரு கலைஞரே ரவி வர்மாவுக்காக நின்றது பழைய வழக்கைத் திருப்பி எழுதிய செயல். அடுத்த ஆண்டு வந்த பார்த்தா மித்தரின் காலனிய இந்தியக் கலை வரலாறு தம்பியின் நாட்குறிப்பைச் சான்றாகக் கொண்டது. 2005-இல் எர்வின் நொய்மயர், கிறிஸ்டினே ஷெல்பெர்கர் இருவரும் அந்த நாட்குறிப்பைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அதுவரை சில ஆய்வாளர்கள் கையில் மட்டும் இருந்த ஒரு குரல் பொதுவாயிற்று. 2010-இல் ரூபிகா சாவ்லாவின் விரிவான நூல் வந்தபோது சகோதரர்களைச் சேர்த்தே பேசுவது இயல்பாகிவிட்டது.

1895 முதல் 1904 வரை நீளும் அந்தக் குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எந்த ஊர், எந்த அரண்மனை, யாரைச் சந்தித்தார்கள், அன்று எந்தப் படத்தில் வேலை நடந்தது என்று நாள்வாரியாகப் போகின்றன. 1901-இல் உதய்பூர் போனார்கள். 1902-இல் ஐதராபாத்தில் புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாளோடு பழகினார்கள். நாடகம் பார்த்தது, அச்சகத் தொல்லை, நோய்ப் பயம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அக்கால இந்திய ஓவியர் ஒருவர் தம் அன்றாடத்தை இவ்வளவு தொடர்ச்சியாக எழுதிவைத்தது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. புராணக்கதை நாயகனைப் போலச் சித்தரிக்கப்பட்டு வந்த ரவி வர்மா இதில் ரயில் பிடிக்கிறார், காத்திருக்கிறார், பணம் வராமல் தவிக்கிறார். ஆனால் இதை ரவி வர்மாவைப் பற்றிய சான்றாக மட்டும் படித்தால் பழைய தவறே தொடரும். இது எழுதியவருடைய கண். காட்சியைத் தேர்ந்தவரும் அவர்தான்.

குடும்பத்துக்குள் தொலைந்த ஓவியரை வெளியே எடுக்கும் வேலை இத்தாலியிலும் நடந்திருக்கிறது. 1916-இல் ராபர்தோ லோங்கி என்ற கலை வரலாற்றாசிரியர், பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ஒராத்சியோ ஜென்டிலெஸ்கியையும் அவர் மகள் ஆர்த்தெமிசியாவையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தையின் நிழலில் கிடந்த மகளைத் தனி ஓவியராகப் பார்க்கும் வழி அங்கே பிறந்தது. படம் படமாக எடுத்து, இது தந்தையுடையதா மகளுடையதா என்ற விவாதம் அதன்பின் பல பத்தாண்டுகள் நீண்டது. கிளிமானூர்ச் சகோதரர்கள் விஷயத்தில் அந்தப் பொறுமையான வேலை இனிமேல்தான் முழுமையாக நடக்க வேண்டும். ஊடுகதிர்ப் படமும் நிறமிப் பகுப்பாய்வும் உதவும். நாட்குறிப்பில் உள்ள தேதிகளோடு திரைச்சீலைகளை ஒத்துப் பார்த்தால் பாதி வழி தெளியும். 2023-இல் ரவி வர்மாவின் ‘யசோதையும் கிருஷ்ணனும்’ மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. இப்படிப்பட்ட விலை பேசும் சந்தை, இரண்டாவது கையைப் பற்றிய கேள்வியை விரும்பாது. அதனாலேயே அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் அதைக் கேட்டாக வேண்டும்.

2023 செப்டம்பரில் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் ராஜா ரவி வர்மா கலைக்கூடம் தனியாகத் திறக்கப்பட்டது. பெயர் அண்ணனுடையது, ஆனால் தம்பியின் படங்களும் தங்கை மங்களா பாயியின் படங்களும் அங்கே இருக்கின்றன. மங்களா பாயி 1954 வரை வாழ்ந்தவர். சகோதரர்கள் ரயிலேறி நாடு சுற்றிய காலத்தில் அரண்மனை மகளிருக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அவர் வரைந்த ‘தர்மம்’ என்ற படமும், அண்ணன் ரவி வர்மாவின் உருவப்படமும் நன்கறியப்பட்டவை. அவர் நாட்குறிப்பு எழுதியதாகத் தெரியவில்லை. எழுதியிருந்தால் இந்த வரலாற்றின் உட்கட்டு தெரிந்திருக்கும். தம்பிக்குக் கிடைத்த கவனம் தங்கைக்கும் வர வேண்டிய காலம் இது.

அதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அழகிரி நாயுடு, ராமசாமி நாயுடு, ஆறுமுகம் பிள்ளை: மூவரும் ரவி வர்மாவின் கதையில் துணைப் பாத்திரங்களாக வந்து போகிறார்கள். ஒருவர் மாமனுக்கு ஆசிரியர், ஒருவர் சொல்லித் தர மறுத்தவர், ஒருவர் ஒளிந்து வந்து சொன்னவர். மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே எண்ணெய் வண்ணம் கைமாறிய பாதையை அறிந்தவர்கள் இவர்களே. ராஜராஜ வர்மாவிடம் ஆங்கிலமும் நாட்குறிப்பும் இருந்தன; இவர்களிடம் இல்லை. ஆனால் அரசவையில் சம்பளம் வாங்கியவர்களின் பெயர்களைக் கணக்கில் ஏற்றும் வழக்கம் திருவிதாங்கூருக்கு இருந்தது. கோட்டைப் பகுதியில் மாநில ஆவணக் காப்பகத்தின் மத்திய நிலையம் உள்ளது; அங்கே பனையோலை அருங்காட்சியகமும் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் பதிவேடுகள் என்று பெயர்பெற்ற ஓலைச் சுருணைகளில் வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் பழந்தமிழும் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கல்வெட்டு படிக்கும் பயிற்சியுள்ள தமிழ்நாட்டு ஆய்வு மாணவர் ஒருவரும் கேரள ஓவிய வரலாறு அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து, சுவாதித் திருநாள் முதல் ஆயில்யம் திருநாள் வரையிலான ஆண்டுகளுக்கு மட்டும் ஓலைகளையும் அரண்மனைக் கணக்குகளையும் புரட்டினால், இந்த மூவரில் ஒருவரையாவது கண்டெடுக்கும் வாய்ப்பு உண்டு.